ஆபிரிக்கச் சுயாதீனத் திருச்சபைகளின் ஒருங்கிணைவு

மிசனரிமாரின் தலைமையினின்று விலகித் தோன்றிய ஆபிரிக்கச் சுயாதீனத் திருச்சபைகளைக் குடியேற்ற ஆட்சியாளர் ஐயத்துடனேயே நோக்கினர். பெல்ஜியக் கொங்கோவில் 1921இல் சிறையிடப்பட்ட சைமன் கிம்பாங்கு 1951இல் சிறையிலேயே மாண்டார். அவர் வழிவந்த திருச்சபை 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் அங்கத்துவம் பெற்றது. ஏனைய பல சபைகளோ தனித்தே நின்றன, தமக்குள்ளும் பிளவுபட்டன.

1978இல் இத்தகைய சபைகளின் தலைவர்கள் கெய்ரோவிற் கூடித் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர். அவர்களை வரவேற்றது ஐரோப்பியத் திருச்சபையன்று, எகிப்தின் கொப்திக் திருச்சபையே என்பதை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். மேலைத்தேய மிசன்களுக்குப் பன்னூற்றாண்டு முற்பட்டது ஆபிரிக்கக் கிறிஸ்தவம் என்பதற்கு அத்திருச்சபையே கண்கண்ட சான்றன்றோ!

பின்னர் நைரோபியைத் தலைமையகமாகக் கொண்ட இவ்வமைப்பு, இறையியற் கல்லூரி செல்லும் வாய்ப்பற்ற போதகர்களுக்கு அவரவர் ஊரிலேயே பயிற்சி கிடைக்க வழிசெய்தது. பயிற்சிக்காக மீண்டும் மிசன்களின் வாயிலிற் காத்துநிற்பதாயின் பிரிந்து வந்ததன் பயன் யாது என்ற வினா அச்சபைகள் அனைத்துக்கும் பொதுவாயிருந்தது.