செங்கல்பட்டின் படிவங்கள்

இணையத்தில் அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் எவருக்கும் இது பழகிய காட்சி. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்கள் வரும். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஊர்கள் வரும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் சிவப்பெழுத்து வழிமறிக்கும். இத்தகைய திரைகள் பலவற்றை இப்போது யாரும் கையால் வரைவதில்லை. எந்தெந்த விவரம் வேண்டும், அது எண்ணா எழுத்தா, எது கட்டாயம், எது எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். மென்பொருள் அதைப் படித்துப் படிவத்தையும் கட்டிவிடும், நிரப்பப்பட்டதைச் சரியும் பார்த்துவிடும். அந்தக் கோப்பைக் கணினிக்காரர்கள் ஸ்கீமா என்கிறார்கள். நிரல்தான் புதிது, காரியம் பழையது. சென்னையைச் சுற்றிக் கிடக்கும் பழைய செங்கல்பட்டுச் சீமை ஆயிரம் ஆண்டாகப் படிவங்களுக்குள் புகுந்து புறப்பட்ட நிலம். அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: நிரப்புகிறவர்கள் செய்த பிழையால் விளைந்த கேடு கொஞ்சம், கட்டம் வகுத்தவர்களும் விதி எழுதியவர்களும் செய்த முடிவால் விளைந்த கேடு அதிகம்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்குச் செங்கல்பட்டு ஜாகீர் கிடைத்தது. கையில் வந்ததன் மதிப்பு என்ன என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அளவைக்கு அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை நடந்த அந்த வேலையில் சுமார் 2000 ஊர்களின் கணக்கு திரண்டது. ஊர் நிலம் எவ்வளவு, அதில் மலை எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பும் உப்பளமும் காடும் எவ்வளவு, நஞ்சை புஞ்சை எவ்வளவு, மானியமாக விட்டது எவ்வளவு, எந்தச் சாதியார் வீடு எத்தனை, ஆடுமாடு எத்தனை என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் எடுத்துக்காட்டிய பிறகுதான் இந்தக் கணக்குகள் பலர் கண்ணில் பட்டன. பின்னர் ஜிதேந்திர பஜாஜும் எம். டி. சீனிவாசும் இவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள்.

இந்தக் கணக்கின் அருமை பரப்பளவு எண்களில் இல்லை. சுதந்திரம், மேரை என்ற தலைப்புகளில் இருக்கிறது. களத்தில் நெல் அடித்ததும், அரசுக்கு உரிய பங்கான வாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே, கோயிலுக்கும் ஏரிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் குயவருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் இவ்வளவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பங்குகள் கலம், மரக்கால், படி என்று பெறுபவர் வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. கம்பெனி இந்தத் தலைப்புகளை லண்டனில் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. ஊர்க் கணக்கில் ஏற்கெனவே இருந்தவற்றை எடுத்துக்கொண்டது. ஆகவே நெசவாளர் உள்ள ஊரில் ஒரு வரிசை கூடும், உப்பளம் உள்ள ஊரில் இன்னொரு வரிசை கூடும். கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கட்டம் முளைக்கும் இன்றைய படிவத்தின் தன்மை இந்த ஓலைகளுக்கு அப்போதே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வரி வாங்குவதற்காக எடுத்த கணக்கு எப்படி உண்மையாக இருக்கும், ஊரார் மறைத்திருக்க மாட்டார்களா என்று கேட்பார்கள். மறைத்திருப்பார்கள். 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் கணக்குப்பிள்ளைகளையும், ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்ட மிராசுதாரர்களையும் நம்பவில்லை. அவர்களோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். ஆனால் பொய் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தால் அந்தக் கணக்கையும் பயன்படுத்தலாம். வாரம் பிரிக்குமுன் கழிகிற பங்குகளைக் கூட்டிச் சொல்வதில் ஊருக்கு லாபம் உண்டு, மொத்த விளைச்சலைக் குறைத்துச் சொல்வதிலும் லாபம் உண்டு. ஆகவே எண்களைச் சற்றுத் தள்ளியே படிக்க வேண்டும். ஆனால் வண்ணாருக்கு ஒரு பங்கு உண்டு என்ற வரிசை இருப்பதே ஒரு சான்று. அளவு பொய்யாக இருக்கலாம். இல்லாத உரிமைக்குக் கம்பெனிக் கணக்கில் ஆயிரக்கணக்கான ஊர்கள் ஒரே மாதிரித் தலைப்பு போட்டிருக்க முடியாது.

தலைப்புகளை இங்கே விட்டுவிட்டு, சரிபார்ப்புக்கு வருவோம். அதற்கு உத்தரமேரூரை விட நல்ல சான்று இல்லை. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும் அந்த ஊர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அதாவது 919, 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடப் புத்தகம் அதைச் சுருக்கிவிட்டது. படித்துப் பார்த்தால் அது முழுக்க முழுக்கத் தகுதி விதிகளின் தொகுப்பு. முதல் கல்வெட்டில் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே ஆண்டில் திருத்திய கல்வெட்டில் 35க்கு மேல் 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓத வல்லவராக இருந்தால் அரைக்கால் வேலி போதும். ஒரு கட்டத்தின் விடையைப் பார்த்து இன்னொரு கட்டத்தின் வரம்பைத் தளர்த்தும் இதே விதியைத்தான் இன்றைய நிரலாளர் ‘இப்படியிருந்தால் அப்படி’ என்று எழுதுகிறார். முன்பு வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்று முறை சொல்லி நீண்ட பட்டியலே உண்டு.

அதற்கு அடுத்த கட்டம் இன்னும் கூர்மையானது. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து வந்த ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பதறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். நடுவரான மத்தியஸ்தர் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் என்ற கோயில் பூசகர் எல்லாரும் மறுபடி படிக்க வேண்டும். கையை மூடினால் ஓலை மாறக்கூடும் என்ற சந்தேகம் விதியாகியிருக்கிறது. யார் நிரப்பினாலும் பலர் பார்க்கச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விதி போதவில்லை என்று தெரிந்ததும் இரண்டு ஆண்டுகளில் புதிய பதிப்பு போட்டதோடு, பழையதை அழிக்காமல் விட்டதையும் கவனிக்க வேண்டும்.

இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு பிராமண சபை. நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் உழைத்தவருக்கும் அங்கே பெயர் எழுத ஓலை கிடையாது. ஒரு சரிபார்ப்பு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், விதியிலேயே வெளியில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த நேர்மையால் பயனில்லை. பராந்தகன் காலத்தோடு இந்தக் குறை ஒழிந்துவிடவில்லை என்பதற்கும் செங்கல்பட்டே சாட்சி.

பயிரிடுபவரிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்தபோது படிவம் மெலிந்தது. ஒரு சர்வே எண், ஒரு பட்டாதாரர், ஒரு தீர்வை, அவ்வளவுதான். மேரை பெற்ற கைகள் பதிவேட்டை விட்டு மறைந்தன. மிராசுதாரர்களின் பிடி மட்டும் மறையவில்லை. தரிசு நிலம் வேண்டுவோர் யாரும் தர்க்காஸ்து மனு போடலாம் என்பது எழுத்தில் இருந்தது. ஆனால் மிராசு ஊர்களில் வெளியாள் மனு போட்டால், அந்த நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை மிராசுதாரருக்குத் தரப்பட்டது. பறையர் குடும்பங்கள் குடியிருந்த மனையே மிராசுதாரருடையது என்று கருதப்பட்டதால், மனு போட்டவர் மறுநாள் வீட்டை இழக்கவும் நேரலாம். படிவம் எல்லாருக்கும் திறந்திருந்தது. விதி ஒரு சாராருக்கு மூடியிருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதை அப்பட்டமாகச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கும் நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கன்றிப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம்.

அந்த நிபந்தனை பதிவேட்டில் ஒரு குறிப்பாக உயிர்வாழ வேண்டியது. குறிப்பு இருக்கும்வரை கைமாற்றம் செல்லாது. குறிப்பு விழுந்துவிட்டால் அது மற்ற நிலத்தைப் போல ஒரு சர்வே எண். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் இந்தக் குறிப்பு விடுபட்டது என்று தலித் இயக்கங்கள் நெடுநாளாகக் கூறிவருகின்றன. காரணை என்ற ஊரின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றும்போது, மூலத்தில் உள்ள ஒரு குறிப்புக்குப் புதிய அமைப்பில் கட்டம் இல்லையென்றால், ஏற்றுபவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் அது கீழே விழும். அவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். திரை எந்தப் பிழையும் காட்டாது.

கடற்கரைக்கும் இதே கதைதான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை உள்ள குப்பங்களில் படகு ஏற்றும் மணலும் வலை உலர்த்தும் மேடும் கருவாடு காயும் இடமும் ஊருக்குப் பொது. தனிப்பட்டா என்ற கட்டத்துக்குள் அடங்காததால் வருவாய்க் கணக்கில் அவை பெரும்பாலும் புறம்போக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, பட்டா உள்ளவன் நிலம் விற்றான். பொதுமணலுக்குச் சொல்ல ஆளில்லை. 2011இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர்களின் பொதுச்சொத்து, மீன் உலர்த்தும் இடம், படகுத்துறை ஆகியவற்றைக் கிராம அளவிலான வரைபடத்தில் குறித்தாக வேண்டும் என்றது. பர்னார்டின் ஓலையில் உப்பளத்துக்கும் தோப்புக்கும் இருந்த தனித் தலைப்பு, இருநூறு ஆண்டுக்கும் மேலான பிறகு வலை மேட்டுக்கும் கிடைத்தது என்று சொல்லலாம். தலைப்பு கிடைத்ததே தவிர, அதை நிரப்பும்போது குப்பத்தாரை உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்பதில் அரசு அலுவலகங்கள் ஊக்கம் காட்டவில்லை.

நிரலாளர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். கட்டங்கள் பெருகினால் விண்ணப்பிப்பவர் களைப்பார், பிழை கூடும், கணக்கிட முடியாது. வரம்பு இல்லாத பதிலை எந்த இயந்திரமும் சரிபார்க்காது. உண்மைதான். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் கர்ணம் முறையை 1980இல் ஒழித்தபோது, ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த ஊர்க்கணக்கு பொதுக் கணக்கானது. இன்று சிட்டாவை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதும் சிறிய லாபமல்ல. நான் கேட்பது கட்டங்களைக் கூட்டச் சொல்லி அல்ல. எந்தக் கட்டம் ஏன் உண்டு, எது ஏன் இல்லை, எந்த விதி எந்த விண்ணப்பத்தைத் தள்ளுகிறது என்பதை ஊரார் படிக்கத் தமிழில் வெளியிட வேண்டும். விதியை மாற்றினால் பழைய விதியும் பார்வைக்கு இருக்க வேண்டும். இணைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ‘ஏற்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடாதீர்கள். எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது.