திணறும் எஞ்சினும் புதிய சென்சாரும்: பெங்களூருப் பட்டறை அறிவு குறித்து

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் ஒரு கணம் தயங்கிப் பின் பாய்வதைப் பட்டறைகளில் 'பிக்கப் இல்லை', 'ஜெர்க் அடிக்குது' என்பார்கள். இதை மின்னணுக் காலத்தின் நோய் என்று கருதுவது பிழை. த்ராட்டில் திடீரெனத் திறக்கும்போது இலேசான காற்று உடனே உட்பாய்கிறது. கனமான பெட்ரோல் பின்தங்குகிறது, அதில் ஒரு பகுதி உட்குழாயின் சுவரிலேயே படிந்தும்விடுகிறது. அந்தக் கணநேர வறட்சியே தயக்கம். கார்புரேட்டரில் இதற்கு மருந்தாக அமைந்தது ஆக்சிலரேட்டர் பம்ப். மிதித்த நொடியில் அது ஒரு பீச்சு பெட்ரோலைக் கூடுதலாகத் தரும். ஐயம் வந்தால் மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் தள்ளிப் பார்ப்பார். பீச்சு விழவில்லையென்றால் நோய் அங்கே இருக்கிறது. காரணமும் சோதனையும் ஒருசேரக் கண்முன் இருந்த காலம் அது.

இவ்வறிவு பெங்களூரில் வேர்பிடித்ததற்குச் சூழலும் துணைநின்றது. 1951இல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம் (2008 முதல் பாஷ் லிமிடெட்) ஆடுகோடி ஆலையில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் எரிபொருள் பம்புகளையும் செய்தது. ஜே.சி. சாலை உதிரிபாகச் சந்தையாக வளர்ந்தது. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னைக்குச் சரியாக இருக்கும் கலவை இங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். அதைக் காதால் கேட்டே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தனர். எழுதப்படாத இந்நுட்பத்தைத் தொழில்நுட்ப வரலாற்றில் சேர்க்க நம் ஆய்வுலகம் இன்னும் தயங்குகிறது என்பது வேறு கதை.

மின்னணு எரிபொருள் செலுத்துமுறை கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுகளின் நிழலில் பரவியது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் காரில் வந்த பாஷின் டி-ஜெட்ரானிக் அமைப்பில் 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. உட்குழாய் அழுத்தத்தை அளந்தே அது பெட்ரோலின் அளவை முடிவுசெய்தது. இந்தியாவில் 1999 ஏப்ரலில் தில்லி வட்டாரத்துக்கு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை மாற்றத்தை விரைவுபடுத்தியது. பெங்களூரில் பாரத் ஸ்டேஜ் 2 விதிகள் 2003இலும், மூன்றாம் நிலை 2005இலும், நான்காம் நிலை 2010இலும் நடைமுறைக்கு வந்தன. நான்காம் நிலையோடு, வண்டி தன் கோளாறைத் தானே குறித்துவைக்கும் ஓபிடி முறையும் கட்டாயமாயிற்று.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கணினி தரும் கோளாறு எண் ஒரு சாட்சியம் மட்டுமே. பட்டறையில் அது தீர்ப்பாக வாசிக்கப்பட்டது. அழுத்த சென்சாரின் பெயரில் எண் வந்தால் சென்சார் மாற்றப்படும், திணறல் மாறாது. உண்மைக் காரணம் வெடித்த வேக்கம் குழாயாகவோ தளர்ந்த கனெக்டராகவோ இருக்கலாம். பழைய சென்சாரின் பிழைக்கேற்பக் கணினி கற்றுவைத்த எரிபொருள் திருத்தங்கள் அழிக்கப்படாமல் இருக்கலாம். புதிய உறுப்பே போலியாகவும் இருக்கலாம். இவ்விடத்தில் பெங்களூரின் உயரம் மீண்டும் குறுக்கிடுகிறது. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் பார்த்தால், நல்ல சென்சார் இங்கே சுமார் 91 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். கடல்மட்டத்துக்குரிய 101ஐக் காட்டும் உறுப்பு, கையேட்டைப் படித்தவருக்குச் சரியானதாகத் தோன்றும். ஊரை அறிந்தவருக்கோ அது பொய் சொல்கிறது. சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் அப்பொய்யைத் திருத்திவிடும். திடீரென மிதிக்கும்போது அத்திருத்தம் வந்துசேர நேரமில்லை. எனவே தயக்கம் அங்கேயே வெளிப்படுகிறது.

ஆகவே மெக்கானிக்குகள் 'உறுப்பு மாற்றுபவர்கள்' ஆகிவிட்டார்கள் என்ற பரவலான குறை பாதி உண்மையே. நேரடி அளவுகளையும் திருத்த விழுக்காடுகளையும் காட்டும் கருவிகளும் மென்பொருளும் யாரிடம் இருந்தன என்பது மறுபாதி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் நோயறி கருவிகளையும் சுதந்திரப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பீச்சு விழுகிறதா என்று கண்ணால் பார்த்தவருக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமானதாக இருந்தது. அவருடைய மகனுக்கு உரிமம் பெற்ற மென்பொருள் தேவைப்பட்டது.

விற்ற மின்னுறுப்புகளைக் கடைகள் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. தவறாக மாற்றப்பட்ட சென்சாரின் விலையை வண்டிக்காரர் தருவதா, பட்டறைக்காரர் தருவதா என்ற வழக்கு ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலிலேயே நடந்து முடிகிறது. எந்த ஆவணத்திலும் அது ஏறுவதில்லை.