கோடுகளைப் பிரித்த மின்புலம்

கணக்கு எழுதுவது என் தொழில். ஆனாலும் இந்த விஞ்ஞானக் கதை என் மனதை விட்டுப் போகவில்லை.

1913இல் ஜேர்மனியின் ஆகன் நகரில் யொகான்னஸ் ஸ்டார்க், ஒளிரும் ஐதரசன் வாயுவைப் பலமான மின்புலத்துக்குள் வைத்தார். அதன் நிறமாலைக் கோடுகள் பலவாகப் பிரிந்தன. வாயு மூலக்கூறுகளின் உறிஞ்சல் கோடுகளும் அப்படியே பிரியும். அதை அளந்து மூலக்கூறினுள் மின்னேற்றம் பரவியிருக்கும் விதத்தை அறிகிறார்கள்.

பிரிவின் காரணத்தை 1916இல் கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் போல் எப்ஸ்டைன். வார்சோவில் பிறந்த யூதர். ரஷ்யப் பிரசை என்பதால், போர்க்கால மியூனிக்கில் அவர் 'எதிரிநாட்டவர்'.

1919இல் நொபெல் பரிசு பெற்ற ஸ்டார்க், பின்னர் ஹிட்லரை ஆதரித்து யூத விஞ்ஞானிகளைத் தாக்கினார். அவருடைய கோடுகளுக்கு விளக்கம் தந்ததோ, அந்நியராகப் பதியப்பட்ட ஒரு யூதரின் கணக்கு. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.