கொழும்புக்கு எத்தனை மணி நேரம்?

மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகக் கூடாது. அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, போய் இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை எல்லாமே விமானக் கணக்கில் பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பதும் அதில் சேரும்.

காத்திருப்பையும் சேர்த்து எண்ணும் இந்தக் கணக்குதான் சரியான கணக்கு. திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூர்ச் சீமையிலிருந்து இலங்கை போனவர்களுக்கும் அதையே போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய மதுரை மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களில் கங்காணிகள் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தார்கள். கடற்கரைவரை நடை, அங்கிருந்து தோணியில் மன்னார், பிறகு காட்டு வழியே மாத்தளைவரை மறுபடி நடை. காலராவிலும் தாகத்திலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

1875இல் திருச்சி–மதுரை ரயில் திண்டுக்கல் வழியாக வந்தது. அடுத்த ஆண்டு தூத்துக்குடியை எட்டியது. வேடசந்தூர்க்காரர் 20 கிலோமீட்டர் வண்டி கட்டிப் போய்த் திண்டுக்கல்லில் ரயிலேறினால், தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலைப் பிடிக்கலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி இன்னும் சுருங்கியது. தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னார்வரை கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். போட் மெயில் என்று ஊரெல்லாம் பேர் பெற்ற வழி இது.

ஆனால் அந்த வேகம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களை மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. மருத்துவச் சோதனை, நோய்த்தடுப்புக் காவல் என்று அங்கே நாட்கள் கழியும். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லைதான் பலருக்குப் பயணச் சீட்டு. அதே தண்டவாளம், அதே கடல். துரைமார்களுக்கு மணிக்கணக்கு, கூலிகளுக்கு நாள்கணக்கு.

1935 நவம்பர் 27 அன்று சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ, ஒரு புஸ் மாத் விமானத்தைக் கொழும்பை அடுத்த ரத்மலானை விமான நிலையத்தில் இறக்கினார். அந்த நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அது. 1938இல் டாடாவின் தபால் விமானங்கள் திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தன. மலைநாட்டுக்குப் போன கடிதம், அதை எழுதியவரைவிட விரைவாகப் போக வழி பிறந்தது.

1964இல் இரண்டு அடி விழுந்தது. அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. தாத்தா காலத்தில் ஆள் அனுப்பிய அதே மண்டபம் முகாமில், பேரன்மார் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். 1980களில் போர் மூண்டபின் அந்தக் கப்பலும் நின்றது.

2012 செப்டம்பரில் தொடங்கிய கொழும்பு விமானம்தான் மதுரை நிலையத்தின் முதல் பன்னாட்டுச் சேவை. வேடசந்தூரிலிருந்து நாற்கரச் சாலையில் நிலையத்துக்குச் சுமார் 95 கிலோமீட்டர். பறக்கும் நேரத்தைவிட இதற்கே கூடுதலாகும். கட்டுநாயக்காவில் இறங்கியபின், சொந்தக்காரர்கள் இருக்கும் ஹட்டன் பக்கத் தோட்டங்களுக்கு மலைப்பாதையில் இன்னும் நாலு மணி நேரமாவது பிடிக்கும்.