குண்டாசாங் போர் நினைவகம்: கினபாலு மலைக்கு எதிரே 2,428 பெயர்கள்

சபா மாநிலத்துக்குச் சுற்றுலா செல்லும் தீபகற்ப மலேசியர்கள் கினபாலு மலையைப் பார்க்காமல் திரும்புவது குறைவு. 4,095 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் உச்சிவரை ஏற எல்லாராலும் முடியாது. முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பங்கள் ஏறாமலேயே மலையைக் கண்ணாரக் காண ஏற்ற இடங்களில் ஒன்று குண்டாசாங் போர் நினைவகம்.

மலைக்காட்சிக்காக அங்கு வருவோரில் பலருக்கு, அந்தக் குன்றின்மேல் யாருடைய பெயர்கள் எழுதப்பட்டுள்ளன என்பது வந்து சேர்ந்த பிறகே தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சண்டாக்கானிலும், அங்கிருந்து ரானாவ் வரையிலான காட்டுப் பாதையிலும், ரானாவிலும் மாண்ட 2,428 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் நினைவாக எழுப்பப்பட்டது இந்த இடம்.

எங்கே அமைந்துள்ளது

குண்டாசாங், சபாவின் ரானாவ் மாவட்டத்தில் உள்ள குளிர்ச்சியான மலைச் சிற்றூர். கோத்தா கினபாலுவிலிருந்து தம்பாருலி வழியாகச் செல்லும் சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். வழியில் நபாலு என்ற சிறு சந்தை ஊரில் வாகனங்கள் நின்று செல்லும். கினபாலு பூங்காவின் தலைமை அலுவலகத்தைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் குண்டாசாங் வந்துவிடும். சாலையோரக் காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் கோட்டைச் சுவர் போன்ற கல் சுவர்களுடன் நினைவகம் நிற்கிறது.

சண்டாக்கான் முகாம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த வீரர்கள் சாங்கியில் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில், அங்கிருந்து ஏறக்குறைய 1,500 ஆஸ்திரேலியக் கைதிகள் கப்பலேற்றப்பட்டு வட போர்னியோவின் சண்டாக்கானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943-இல் மேலும் பல ஆஸ்திரேலியர்களும் பிரிட்டிஷ் வீரர்களும் வந்து சேர்ந்தனர். இராணுவ விமானத் தளம் ஒன்றைக் கட்டுவதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களும் அதே தளத்தில் வேலை வாங்கப்பட்டனர்.

முகாமுக்குள் வானொலி ஒன்றை இரகசியமாக வைத்து, வெளியில் இருந்த உள்ளூர் மக்களுடன் தொடர்பு கொண்டிருந்த குழு 1943-இல் பிடிபட்டது. அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் லயனல் மேத்தியூஸ் 1944 மார்ச் 2-ஆம் நாள் கூச்சிங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் உள்ளூரைச் சேர்ந்த எட்டுப் பேரும் உயிரிழந்தனர். அவர்களில் அலெக்சாண்டர் ஃபங்க், எர்னஸ்டோ லாகான், ஹெங் ஜூ மிங் ஆகியோருடன் சீக்கியக் காவல் அதிகாரியான ஒஜாகர் சிங்கும் ஒருவர். இக்குழு பிடிபட்ட பிறகு, 1943-இலேயே கைதிகளின் அதிகாரிகளில் பெரும்பாலோர் கூச்சிங்குக்கு மாற்றப்பட்டனர். சண்டாக்கானில் எஞ்சியவர்களுக்குக் கொடுமை அதிகரித்தது, உணவு குறைந்தது.

மரண நடை

1944-இன் பிற்பகுதியில் நேச நாடுகளின் விமானங்கள் சண்டாக்கான் தளத்தைத் தொடர்ந்து குண்டுவீசித் தகர்த்தன. தளம் பயனற்றுப் போனதால், கைதிகளைச் சுமைதூக்கிகளாகப் பயன்படுத்தி மேற்கு நோக்கி நகர்த்த ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. 1945 ஜனவரி இறுதியில் 450-க்கும் மேற்பட்டோர் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டுப் புறப்பட்டனர். சண்டாக்கானிலிருந்து ரானாவ் வரை சுமார் 260 கிலோமீட்டர். சதுப்பு நிலம், அடர்ந்த காடு, பிறகு செங்குத்தான மலைகள். பலருக்குக் காலணி இல்லை. பெரிபெரியாலும் மலேரியாவாலும் ஏற்கெனவே நலிந்திருந்தவர்கள் முதுகில் இராணுவத்தின் மூட்டைகளையும் சுமந்தனர். நடக்க முடியாமல் விழுந்தவர்கள் வழியிலேயே கொல்லப்பட்டனர்.

ரானாவ் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. பின்னால் வரும் குழுக்களுக்காக அரிசி மூட்டைகளைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் பகினாத்தான் வரை போய்த் திரும்பும் வேலை அவர்களுக்குத் தரப்பட்டது. முதல் நடையில் வந்தவர்களில் ஜூன் இறுதியில் ஆறு பேர் மட்டுமே உயிருடன் இருந்தனர்.

மே 29-ஆம் நாள் சண்டாக்கான் முகாம் தீயிடப்பட்டு, 530-க்கும் மேற்பட்டோர் இரண்டாவது நடைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 183 பேரே ரானாவை அடைந்தனர். ஜூனில் மூன்றாவதாக 75 பேர் அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவரும் ரானாவ் வந்து சேரவில்லை. நடக்க இயலாமல் சண்டாக்கானில் விடப்பட்ட நோயாளிகளும் மிஞ்சவில்லை. 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்த பிறகும், ரானாவில் எஞ்சியிருந்த கைதிகள் அந்த மாதத்திலேயே கொல்லப்பட்டனர். சண்டாக்கான் முகாமின் தளபதி கேப்டன் ஹோஷிஜிமா மீது பின்னர் போர்க் குற்ற விசாரணை நடத்தப்பட்டு, 1946-இல் அவருக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிழைத்தவர் அறுவர்

1945 தொடக்கத்தில் சண்டாக்கானில் இருந்த கைதிகளில் உயிர் தப்பியவர்கள் ஆறு பேர் மட்டுமே. அறுவரும் ஆஸ்திரேலியர்கள். பிரிட்டிஷ் கைதிகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஓவன் கேம்பல், டிக் பிரெய்த்வெயிட் இருவரும் இரண்டாவது நடையின்போது காட்டுக்குள் தப்பினர். கீத் போட்டரில், நெல்சன் ஷார்ட், வில்லியம் மாக்சம், பில் ஸ்டிக்பெவிச் நால்வரும் ரானாவ் முகாமிலிருந்து தப்பினர்.

இந்த அறுவரும் தனியாகப் பிழைக்கவில்லை. காட்டோரக் கிராமத்து மக்கள் அவர்களை ஒளித்து வைத்தனர், உணவு கொடுத்தனர், நேச நாட்டுப் படையினரிடம் சேர்ப்பித்தனர். ரானாவில் தப்பியவர்களைக் காத்தவர்களில் பாரிகா என்ற கிராமவாசி முக்கியமானவர். பிடிபட்டிருந்தால் அவருடைய குடும்பத்துக்கே உயிர் போயிருக்கும். குண்டாசாங் நினைவகம் போர்க்கைதிகளுடன் இந்த உள்ளூர் மக்களையும் சேர்த்தே நினைவுகூர்கிறது.

நான்கு பூந்தோட்டங்கள்

நினைவகம் 1962-இல் அமைக்கப்பட்டது. சபா அப்போது வட போர்னியோ என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மலேசியா உருவாக இன்னும் ஓராண்டு இருந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்தவரும் போர்க் காலத்தில் சரவாக் காடுகளில் நேச நாட்டு இரகசியப் படையுடன் இயங்கியவருமான மேஜர் டோபி கார்ட்டர் இதற்கு முன்முயற்சி எடுத்தார். கட்டடக் கலைஞர் ஜே.சி. ராபின்சன் வடிவமைத்தார். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுப் பழுதடைந்து கிடந்த இடம், 2000-ஆம் ஆண்டுகளில் தனிமனிதர் ஒருவரின் முயற்சியால் மீண்டும் சீரானது.

உள்ளே படிப்படியாக உயரும் நான்கு பகுதிகள் உள்ளன. ஒன்று ஆஸ்திரேலியப் பூந்தோட்டம். மற்றொன்று ரோஜாக்கள் பூக்கும் ஆங்கிலப் பூந்தோட்டம். மூன்றாவது போர்னியோ பூந்தோட்டம். கினபாலு வட்டாரத்தின் காட்டுப் பூக்களும் ஆர்க்கிட் செடிகளும் இங்கே வளர்க்கப்படுகின்றன. மூன்று மண்ணின் செடிகளும் ஒரே குன்றில் இருப்பதன் பொருள் எளிது: இறந்தவர்களின் ஊர்களும், அவர்களுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களின் ஊரும் இங்கே அருகருகே நிற்கின்றன. கடைசிப் பகுதி தியானப் பூந்தோட்டம். அங்கே ஒரு நீர்த் தடாகமும் தூண்கள் தாங்கும் திறந்த மண்டபமும், மாண்டவர்களின் பெயர்ப் பட்டியலும் உள்ளன.

இங்கு யாரும் புதைக்கப்படவில்லை என்பதை வருவோர் அறிந்திருப்பது நல்லது. மீட்கப்பட்ட உடல் எச்சங்கள் லாபுவான் போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அவற்றில் பலவற்றை யாருடையவை என்று அடையாளம் காண முடியவில்லை. ஆகவே, பெயர் ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலும் உள்ள நிலைதான் பெரும்பாலோருக்கு.

மலை தெரியும் நேரம்

மேல் தளத்திலிருந்து பார்த்தால் கினபாலு மலையின் கரடுமுரடான சிகர வரிசை நேரெதிரே நிற்கிறது. கீழே குண்டாசாங் பள்ளத்தாக்கின் காய்கறிப் பாத்திகளும் வீடுகளும் தெரியும். மலை தெளிவாகத் தெரிவது காலையில்தான். வெயில் ஏறும்போதே கீழிருந்து மேகம் எழுந்து, முற்பகலுக்குள் சிகரம் மறைந்துவிடுவது வழக்கம். 2015 ஜூன் 5-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மலையில் 18 பேர் உயிரிழந்தனர். 'கழுதைக் காது' என அழைக்கப்படும் சிகரத்தின் ஒரு பகுதியும் அன்று உடைந்து விழுந்தது.

கினபாலு என்ற பெயர் 'அக்கி நபாலு' என்ற டூசுன் மக்களின் சொல்லிலிருந்து வந்தது என்பர். இறந்த முன்னோரின் ஆன்மாக்கள் இளைப்பாறும் இடம் அந்த மலை என்பது அவர்களின் நெடுநாள் நம்பிக்கை. போரில் மாண்ட அந்நியர்களின் பெயர்கள் அந்த மலையைப் பார்த்தபடி இருப்பதை உள்ளூர் மக்கள் இயல்பானதாகவே கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

செல்வோர் கவனத்திற்கு

தீபகற்ப மலேசியர்கள் சபாவுக்குள் நுழையும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு. மைகார்டு கட்டாயம் தேவை. பிள்ளைகளின் அடையாள ஆவணங்களையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரர்களுக்குக் கடப்பிதழ் வேண்டும்.

நினைவகம் காலையில் திறந்து மாலை ஐந்து மணியளவில் மூடப்படும். சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. மரண நடை பற்றிய ஆவணப்படம் ஒன்றும் காட்டப்படுகிறது. படத்தைப் பார்த்துவிட்டுப் பூந்தோட்டங்களுக்குப் போனால், பெயர்ப் பட்டியலின் கனம் புரியும்.

படிகள் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏற வேண்டும். குளிருக்கு ஒரு மேலாடையும், திடீர் மழைக்குக் குடையும் உதவும். பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் நின்று படம் எடுப்போர், உறவினரின் பெயரைத் தேடி வெளிநாட்டிலிருந்து வந்திருப்போர் அருகில் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நேரம் உள்ளவர்கள், அரை மணி நேரத்தில் ரானாவ் சென்றுவிடலாம். அங்கே, தப்பியோட முயன்றதற்காகச் சித்திரவதை செய்யப்பட்டு 1945 மார்ச்சில் இறந்த ஆஸ்திரேலிய வீரர் ஆல்பர்ட் கிளியரிக்கு ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. சண்டாக்கான் வரை செல்வோர், பழைய முகாம் இருந்த இடத்தில் அமைந்துள்ள சண்டாக்கான் நினைவுப் பூங்காவைக் காணலாம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15-இல் அங்கே நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது.

பெயர் உள்ளவர்களும் இல்லாதவர்களும்

தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து செல்வோருக்கு இந்தப் பட்டியல் வேறொரு கேள்வியையும் எழுப்பும். சண்டாக்கானில் விமானத் தளம் கட்டப்பட்ட அதே 1942, 1943-ஆம் ஆண்டுகளில்தான் சயாம்-பர்மா ரயில் பாதையும் போடப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில் பாதைக்குச் சாங்கியிலிருந்து போர்க்கைதிகள் அனுப்பப்பட்டனர். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள். கூலியும் சாப்பாடும் உண்டு என்று சொல்லியும், பிறகு வலுக்கட்டாயமாக ஆள்பிடித்தும் அவர்கள் ரயிலேற்றப்பட்டனர். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. தோட்டப் பாட்டாளிகளுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. இதற்குக் காரணம் எளிது. வீரர்களுக்கு இராணுவ எண் இருந்தது, படைப்பிரிவின் பதிவேடு இருந்தது, போருக்குப் பின் அவர்களின் கல்லறைகளைத் தேடிச் செல்ல ஓர் அரசாங்கம் இருந்தது. வாந்திபேதியில் இறந்து ஒரே குழியில் போடப்பட்ட தொழிலாளிக்கு இவை எதுவும் இல்லை. அவர்களை நினைவுகூரும் நடுகல் ஒன்று 2023-இல்தான் காஞ்சனபுரியில் உள்ள புத்த ஆலயம் ஒன்றில் நாட்டப்பட்டது.

"தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை" என்ற ஒரு வரியே பல குடும்பங்களில் எஞ்சியிருக்கும் பதிவு. அந்த வரியைச் சொல்லக்கூடிய முதியவர்களும் இன்று குறைந்து வருகின்றனர். போனவரின் பெயர், அவர் வேலை செய்த தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க எந்த அரசாங்கத்தின் அனுமதியும் தேவையில்லை. குண்டாசாங் குன்றில் உள்ள 2,428 பெயர்களும் இவ்வாறே யாரோ எழுதி வைத்ததால்தான் இன்றும் படிக்கப்படுகின்றன.