எக்ஸ் சாளர அமைப்பும் சுட்டியால் நேரும் முடக்கங்களும்

எக்ஸ் சாளர அமைப்பு என்பது யுனிக்ஸ், லினக்ஸ், பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் திரையில் சாளரங்களைக் காட்டவும், சுட்டி, விசைப்பலகை ஆகியவற்றின் அசைவுகளை நிரல்களுக்குக் கொண்டுசேர்க்கவும் பயன்பட்டுவரும் மென்பொருளாகும். இதைப் பயன்படுத்துவோரிடம் நெடுங்காலமாக ஒரு முறையீடு உண்டு. சுட்டியை அசைத்ததும் திரை உறைந்துவிட்டது, அல்லது ஒரு முறை சொடுக்கியதும் எல்லாச் சாளரங்களும் மறைந்துவிட்டன என்பார்கள். கண்ணுக்குத் தெரிந்த கடைசிச் செயல் சுட்டியின் அசைவு என்பதால் பழியும் சுட்டியின் மீதே விழுந்தது. அப்பழி எப்போது சரி, எப்போது தவறு என்று பிரித்தறிய நிரலாளர்களுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

ஒரே வழங்கியில் திரையும் சுட்டியும்

1984 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் இவ்வமைப்பை உருவாக்கினர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'டபிள்யூ' என்ற சாளர அமைப்பே இதற்கு அடிப்படை. ஆங்கில நெடுங்கணக்கில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ் என்பதால் இப்பெயர் அமைந்தது. இன்றும் வழக்கிலுள்ள 11 ஆம் பதிப்பு 1987 செப்டம்பரில் வெளிவந்தது.

எக்ஸ் அமைப்பில் 'வழங்கி' என்பது தொலைவிலுள்ள கணினி அன்று. பயனரின் மேசைமேல் இருக்கும் திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றையும் ஆளும் நிரலே வழங்கி. உரைத்தொகுப்பி, உலாவி போன்றவை அதன் வாடிக்கையாளர்கள். புதிதாகக் கற்பவர்களை இது தலைகீழாகத் தோன்றிக் குழப்புவதுண்டு. ஆனால் பின்னால் வரும் தொல்லைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. வழங்கி விழுந்தால் அதனுடன் இணைந்திருந்த நிரல்கள் பெரும்பாலும் உடன் விழும். கணினியின் கருனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், சேமிக்காத கட்டுரையும் பாதி எழுதிய மடலும் போய்விடும்.

பைட்டுகள் இடம் மாறியபோது

தனியாள் கணினிகளுக்கு எக்ஸ் வந்து சேர்ந்தது 1992 இல் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 திட்டத்தின் வழியாக. அக்காலத்தில் பயனரே ஓர் அமைவுக் கோப்பை எழுத வேண்டும். சுட்டி எந்த நெறிமுறையில் பேசுகிறது, எந்தச் சாதனக் கோப்பின் வழியே வருகிறது என்று அதில் குறிப்பிட வேண்டும். சாதனக் கோப்பைத் தவறாகக் குறித்தால் வழங்கி தொடங்கவே மறுக்கும். முதன்மைச் சுட்டி இல்லை என்ற பிழைச்செய்தியுடன் பயனர் கறுப்புத் திரைக்குத் திரும்புவார். லினக்ஸ் கற்க வந்த பலருக்கு முதல் பாடமே இந்தத் தோல்விதான்.

நெறிமுறையைத் தவறாகக் குறித்தால் நடப்பது இன்னும் விசித்திரமானது. பிஎஸ்/2 வகைச் சுட்டி ஒவ்வோர் அசைவுக்கும் மூன்று பைட்டுகளை அனுப்பும். முதல் பைட்டில் பொத்தான்களின் நிலை, இரண்டாவதில் கிடை அசைவு, மூன்றாவதில் குத்தசைவு. உருளை வைத்த இன்டெலிமவுஸ் வகை நான்காவதாக ஒரு பைட்டைச் சேர்த்தது. ஒரே ஒரு பைட்டு தவறிப்போனாலும் வரிசை முழுவதும் ஓரிடம் நகர்ந்துவிடும். அசைவைச் சொல்லும் எண் பொத்தானாகப் படிக்கப்படும். உடனே சுட்டிமுனை திரையின் மூலைக்குப் பாயும், யாரும் தொடாமலேயே பட்டிகள் திறக்கும், சாளரங்கள் மூடப்படும். பயனர் இதை 'கணினி விழுந்துவிட்டது' என்றுதான் சொல்வார். உண்மையில் எதுவும் விழவில்லை. வழங்கி தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே செய்துகொண்டிருந்தது.

ஒரே சுட்டியை இரு கணினிகளுக்கு மாற்றித் தரும் இணைப்புப் பெட்டிகளில் இச்சிக்கல் அடிக்கடி நேர்ந்தது. பெட்டியைத் திருப்பியதும் சுட்டி தன் தொடக்க நிலைக்குப் போய் மூன்று பைட்டுகளாக அனுப்பத் தொடங்கும். இயக்கியோ நான்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும். லினக்ஸ் கருனியின் பதிவில் 'ஒத்திசைவு இழந்தது, இத்தனை பைட்டுகள் எறியப்பட்டன' என்ற பொருளில் ஒரு வரி தென்பட்டால் காரணம் இதுவே.

எழுத்து முனையத்தில் சுட்டியைப் பயன்படுத்த உதவிய 'ஜிபிஎம்' என்ற நிரலும் ஒரு பங்காளிச் சண்டையை மூட்டியது. அதுவும் எக்ஸும் ஒரே சாதனக் கோப்பைத் திறந்தால், வரும் பைட்டுகளை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். சிலவகைச் சுட்டிகளில் இரண்டாவதாக வந்த நிரலால் கோப்பைத் திறக்கவே முடியாது. ஜிபிஎம் தான் பெற்றதை வேறொரு குழாயில் மீண்டும் ஒலிபரப்ப, எக்ஸ் அதைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு இதற்குத் தீர்வாயிற்று.

வழுக்கும் சுட்டியின் விலை

மேற்சொன்னவை யாவும் அமைவுப் பிழைகள். சுட்டியின் அசைவு வழங்கியையே முடக்கக் காரணமாக இருந்த உண்மையான குறை ஒன்றும் உண்டு. அது நல்ல நோக்கத்தில் பிறந்தது.

எக்ஸ் வழங்கி ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்யும் நிரல். பெரிய படத்தை வரையும்போது சுட்டியைக் கவனிக்க அதற்கு நேரமிராது. முனை விட்டுவிட்டு நகரும். கணினி எவ்வளவு வேகமானதாயினும், முனை தயங்கினால் பயனருக்கு முழுக் கணினியும் மந்தமாகத் தோன்றும். ஆகவே எக்ஸ்ஃப்ரீ86 இன் 4 ஆம் வரிசையில் 'சில்கன் மவுஸ்', அதாவது பட்டுப்போன்ற சுட்டி என்னும் உத்தி வந்தது. சுட்டியிலிருந்து பைட்டுகள் வந்தவுடன் கருனி வழங்கிக்கு ஒரு குறிகை அனுப்பும். வழங்கி செய்துகொண்டிருந்த வேலையை எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்தி, பைட்டுகளைப் படித்து, முனையை நகர்த்தி, நிகழ்வை வரிசையில் சேர்த்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பும்.

'எந்த நிலையில் இருந்தாலும்' என்பதில்தான் ஆபத்து. கணக்கர் ஒருவர் பேரேட்டில் பற்று எழுதி வரவு எழுதுமுன் மணியடித்து அழைக்கப்படுகிறார் என்று கொள்வோம். அழைத்த வேலையும் அதே பேரேட்டில் எழுதும் வேலையாக இருந்தால் கணக்குக் குழம்பும். வழங்கி நினைவகத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும் வேளையில் குறிகை வந்து, அக்குறிகையைக் கையாளும் பகுதியும் நினைவகம் கேட்டால் இதுவே நடக்கும். ஒதுக்கும் பகுதி ஏற்கெனவே தன்னைப் பூட்டிவைத்திருக்கும். பூட்டு திறக்கப் புதிய வேலை காத்திருக்கும். புதிய வேலை முடியப் பழைய வேலை காத்திருக்கும். திரை உறைந்துவிடும். சில நேரங்களில் நினைவகம் சிதைந்து வழங்கி அப்படியே மடிந்துவிடும்.

விதிப்படி குறிகைப் பகுதிக்குள் நினைவகம் கேட்கக்கூடாது. நிரலாளர்களுக்கு இது தெரியாததன்று. ஆனால் எதிர்பாராத பைட்டைக் கண்ட இயக்கி, பதிவுக்கோப்பில் ஓர் எச்சரிக்கை வரி எழுதினால் போதும், விதி மீறப்பட்டுவிடும். பிழையைப் பதிவு செய்ய எழுதிய வரியே பெரிய பிழையானது. அந்த நுண்ணிய கணத்தில் சுட்டி அசைந்தால் மட்டுமே முடக்கம் நேரும் என்பதால், முறையிட்டவரால் அதை மீண்டும் செய்துகாட்ட முடியவில்லை. திருத்த வந்தவரால் நம்பவும் முடியவில்லை. 2012 இல் குறிகைக்குள் பாதுகாப்பாக எழுதும் தனிப் பதிவுமுறை சேர்க்கப்பட்டது. 2016 நவம்பரில் வெளிவந்த 1.19 பதிப்பில் குறிகை முறையே கைவிடப்பட்டு, உள்ளீட்டுக்கென்று தனி இழை அமைக்கப்பட்டது. இதைச் செய்தவர் கீத் பேக்கார்டு.

பலியாடு

பதிவுக்கோப்பில் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்பட்ட செய்தி, நிகழ்வு வரிசை நிரம்பி வழிகிறது என்பது. வரைகலை அட்டையின் இயக்கி எங்கோ சிக்கிக்கொண்டால் வழங்கி நகராது. ஆனால் சுட்டியின் அசைவுகள் மட்டும் வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கும். திரை உறைந்தால் மனிதர் முதலில் செய்வது சுட்டியை வேகமாக ஆட்டிப்பார்ப்பது. அதனால் வரிசை விரைவில் நிரம்பும். நிரம்பியதும் வழங்கி தன் அழைப்புத் தடத்தைப் பதிவில் எழுதும். தடத்தில் சுட்டிக்கான செயற்கூறுகளின் பெயர்கள் முன்னே நிற்கும். அதைப் பார்த்தவர்கள் சுட்டி இயக்கியின் பிழை என்று புகார் எழுதினார்கள். இத்தகைய புகார்கள் குவிந்ததால், பின்னாளில் அச்செய்தியுடனேயே 'நிகழ்வு வரிசை காரணம் அன்று. அது பாதிக்கப்பட்ட தரப்பு' என்ற பொருளில் ஒரு வரியை நிரலாளர்கள் சேர்த்தனர். நிரல் ஒன்று தன் பகுதிக்காக இப்படி வழக்காடுவது அரிது. தடத்தில் இன்னும் மேலே போய், வரைகலை இயக்கியின் பெயர் இருக்கிறதா என்று தேடுவதே சரியான வழி.

பழுது தேடிய முறைகள்

அனுபவமுள்ளோர் முதலில் பார்ப்பது, உறைந்தது முழுக் கணினியா, எக்ஸ் மட்டுமா என்பதை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போக முடிந்தாலோ, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடிந்தாலோ கருனி நலமாக இருக்கிறது என்று பொருள். பிழைதிருத்தி நிரலால் வழங்கியை ஆராய்வதும் வெளியிலிருந்தே நடக்க வேண்டும். அதே எக்ஸ் திரையிலுள்ள சாளரத்திலிருந்து தொடங்கினால், பிழைதிருத்தி வழங்கியை நிறுத்தியதும் அந்தச் சாளரமும் உறைந்துபோகும். பலரும் ஒரு முறையேனும் இதில் மாட்டியிருப்பார்கள்.

முனையை வரைகலை அட்டை வரையாமல் மென்பொருளே வரையும்படி அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்ப்பது இன்னொரு சோதனை. அதன்பின் முடக்கம் நின்றால் குறை அட்டையின் இயக்கியில் இருக்கக்கூடும்.

கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் சேர்த்து அழுத்தினால் வழங்கியே கொல்லப்படும் வசதி நெடுநாள் இருந்தது. தவறி அழுத்தியோர் வேலையை இழந்ததால் 2009 இல் உபுண்டு 9.04 அதை இயல்பாக அணைத்துவைத்தது. ஏதேனும் ஒரு நிரல் சுட்டியைத் தன்வசம் பிடித்துவைத்திருந்தாலும் திரை உறைந்ததுபோல் தோன்றும். அப்பிடியை உடைக்க ஒரு விசைச்சேர்க்கை இருந்தது. திரைப் பூட்டும் சுட்டியைப் பிடித்துவைத்திருக்கும் நிரல்தானே! 2012 சனவரியில் அச்சேர்க்கையை அழுத்திக் கடவுச்சொல் இல்லாமலே பூட்டைத் திறக்க முடிவது கண்டறியப்பட்டு, அது மூடப்பட்டது.

2007 செப்டம்பரின் 1.4 பதிப்பு முதல் சுட்டியைத் தானாகக் கண்டறியும் முறை வந்தது. பழைய அமைவுக் கோப்பின் தேவை குறைந்தாலும், அதற்குத் துணையான 'ஹால்' சேவை ஓடாத கணினிகளில் மேம்படுத்தலுக்குப் பின் திரை தெளிவாகத் தெரிய, சுட்டியும் விசைப்பலகையும் மட்டும் செயலற்றுக் கிடந்தன. லினக்ஸில் 2010 இன் 1.8 பதிப்பு ஹாலுக்குப் பதில் 'யூடெவ்' முறைக்கு மாறியது.

பின்னும் எஞ்சியவை

2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஒரு பிழை, இரு தனித் திரைகள் கொண்ட அமைப்பில் சுட்டிமுனையை ஒரு திரையின் சாளரத்திலிருந்து மற்றதற்குத் தாவச் செய்து, பின் அச்சாளரத்தை அழித்தால் வழங்கியை வீழ்த்தக்கூடியது. அதே ஆண்டு திசம்பரில் அறிவிக்கப்பட்ட மற்றொன்று, தொடுபலகையிலிருந்து சுட்டிக்கு மாறும்போது பொத்தான்களின் எண்ணிக்கை வேறுபடுவதால் நினைவக எல்லையைத் தாண்டிப் படிப்பதும் எழுதுவதும் ஆகும். இரண்டுக்கும் திருத்தங்கள் வெளிவந்தன.

எக்ஸுக்கு மாற்றாக 2008 இல் தொடங்கிய வேலண்டு முறையிலும் திரையையும் சுட்டியையும் ஒரே நிரல்தான் ஆள்கிறது. குனோம் மேசைச்சூழலின் சாளர நிரலும் வேலை மிகும்போது சுட்டியைத் தயங்கவைத்தது. 2021 இன் குனோம் 40 பதிப்பில் அதிலும் உள்ளீட்டுக்குத் தனி இழை ஒதுக்கப்பட்டது.