'மெட்ராஸ்' பேர்ல ஒரு நரம்பு நோய்... கேள்விப்பட்டிருக்கீங்களா?

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் 20 வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து பிடி தளர்ந்தால், 'வெயில்ல வேலை, அசந்துபோச்சு' என்பார்கள். காது மந்தமானால், 'கூப்பிட்டா காதுல வாங்குறதே இல்ல' என்று திட்டு விழும். இரண்டும் ஒருவருக்கே வந்தால் உஷாராகுங்கள். அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' ஆக இருக்கலாம்.

அட, நிஜமாகவே பெயர் அதுதான்! மெட்ராஸ் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி.ராமமூர்த்தி 1970-ல் இதைப் பற்றி எழுதினார்கள். இதுவரை பதிவானவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர்கள்.

மூளையும் தண்டுவடமும் இடும் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோவது மோட்டார் நியூரான். அது செத்தால் தசை சூம்பும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த ஏ.எல்.எஸ். இந்தக் குடும்பம்தான். அது பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வந்து, சில வருடங்களில் மூச்சுத் தசையையும் முடக்கிவிடும். மெட்ராஸ் வகை இளவயதிலேயே வரும். கை கால், முகம், நாக்கு தளரும், காது கேட்காது, சிலருக்குப் பார்வை நரம்பும் பாதிக்கும். ஆனால் மெதுவாகத்தான் நகரும். பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் உண்டு.

'ஏன் வருது?' என்ற கேள்விக்கு மூலக்கூறு அளவில் இன்னும் உறுதியான விடை இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பல வருடங்களாக இதை ஆராய்கிறார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். பார்க்க இதே மாதிரி இருக்கும் இன்னொரு நோய், பிரவுன்-வியாலெட்டோ-வான் லேர். அதிலும் காது போகும், தசை தளரும். ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, செல்லுக்குள் நுழையும் கதவைத் தயாரிக்கும் மரபணுவில் பழுது இருப்பதை 2010-ல் கண்டுபிடித்தார்கள். அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுத்தால் பலர் தேறுகிறார்கள்! தாமதமானால் செத்த நரம்பு திரும்பாது. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கி விழுங்காதீங்க. அளவை டாக்டர்தான் சொல்லணும்.

ஏ.எல்.எஸ். பக்கமும் நகர்வு இருக்கிறது. எஸ்.ஓ.டி.1 மரபணுப் பழுது உள்ள சிறு பிரிவினருக்காக, கெட்ட புரதம் உருவாகும் முன்பே அதன் செய்தியை மறிக்கும் டோஃபர்சென் ஊசிக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

மரக்காணத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஈ.சி.ஆரில் ஒரு பஸ் தூரம்தான். நரம்பியல் பிரிவில் கை மெலிவோடு காதுப் பிரச்னையையும் மறக்காமல் சொல்லுங்கள். 'ரைபோஃபிளேவின் கடத்திக் குறைபாட்டுக்கு மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?' என்றும் கேளுங்கள்.